மலேசியா சுங்கை சிப்புட் தாதியர் குழு: என்கிளெக்ஸ் (அமெரிக்கத் தாதியர் உரிமத் தேர்வு) எழுதப் போறவங்களுக்கு

கவிதா, காலை 7.12
வணக்கம் எல்லாருக்கும். என்கிளெக்ஸுக்கு ஏ.டி.டி. (பரீட்சை எழுத அனுமதி) மின்னஞ்சல் வந்திடுச்சு. சென்னை மையத்துல தேதி பிடிக்கலாம்னு இருக்கேன். அதுக்கு முன்னாடி எதைப் பார்க்கணும்?

சாந்தி அக்கா, காலை 7.20
ரொம்ப சந்தோஷம்மா. மத்ததெல்லாம் அப்புறம், முதல்ல பேரைப் பாரு. ஏ.டி.டி.யில இருக்கிற பேரும் கடப்பிதழ்ல இருக்கிற பேரும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கணும்.

சாந்தி அக்கா, காலை 7.24
நம்ம பிள்ளைங்க மாட்டிக்கிறது இங்கதான். படிவம் முதற்பெயர், குடும்பப்பெயர்னு ரெண்டு கட்டம் கேக்கும். நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது, அப்பா பேருதான். ஒரு பாரத்துல ஏ/பி-யோட (இன்னார் மகள்னு அர்த்தம்) எழுதுவாங்க, இன்னொண்ணுல அதை விட்டுடுவாங்க. அந்தச் சாய்கோட்டை ஏத்துக்காத படிவமும் உண்டு. வித்தியாசம் இருந்தா தேதி பிடிக்கிறதுக்கு முன்னாடியே பரீட்சையை நடத்துற பியர்சன் வியூ நிறுவனத்துக்கு எழுதித் திருத்திக்கோ. மையத்துக்குப் போய் "ரெண்டும் நான்தான்"னு சொன்னா எடுபடாது. உள்ள விடமாட்டாங்க, கட்டின காசும் போயிடும்.

புனிதா, காலை 7.31
அக்கா, ஐசி (அடையாள அட்டை) காட்டலாமா?

சாந்தி அக்கா, காலை 7.33
வெளிநாட்டு மையத்துல அது செல்லாது. கடப்பிதழ்தான், அதுவும் காலாவதி ஆகாதது. பரீட்சைக் கட்டணம் 200 டாலர், அமெரிக்காவுக்கு வெளிய எழுதினா இன்னொரு 150 டாலர். உரிமம் கேக்கிற அமெரிக்க மாநிலத்தோட தாதியர் வாரியத்துக்குக் கட்டுறது தனி. தேதி மாத்தணும்னா 24 மணி நேரத்துக்கு முன்னாடியே மாத்திடணும். ஏ.டி.டி.யில போட்டிருக்கிற கடைசி நாளை மட்டும் யார் கேட்டாலும் நீட்டிக்க மாட்டாங்க.

கவிதா, காலை 7.40
கடப்பிதழ்ல ஏ/பி இருக்கு, ஏ.டி.டி.யில இல்ல 😟 இன்னைக்கே எழுதிடுறேன். படிக்கிறதுல எனக்குப் பயமே முன்னுரிமைக் கேள்விதான் சிஸ்டர். நாலு விடையும் சரியாவே தெரியுது.

மல்லிகா சிஸ்டர், காலை 8.05
நாலும் சரியாத்தான் இருக்கும் கவிதா. எதை முதல்ல செய்வேங்கிறதுதான் கேள்வி. இரத்தம் ஏத்த ஆரம்பிச்சு பத்து நிமிஷத்துல நோயாளிக்குக் குளிர் நடுக்கம், இடுப்பு வலி. டாக்டரைக் கூப்பிடுறது, காய்ச்சல் பார்க்கிறது, இரத்தப் பையை வங்கிக்குத் திருப்பி அனுப்புறது, இரத்தத்தை நிறுத்துறது. எல்லாமே செய்ய வேண்டியதுதான். ஆனா நீ போன் பண்ணிக்கிட்டு நிக்கிற நேரத்துல ஒவ்வாத இரத்தம் உள்ள போய்க்கிட்டே இருக்கு. அதனால முதல்ல நிறுத்து. அப்புறம் புதுக் குழாய் மாட்டி நார்மல் சலைன் விடு, பழைய குழாயில இருக்கிற இரத்தத்தைத் தள்ளிவிடாதே. அதுக்கப்புறம் டாக்டர்.

மல்லிகா சிஸ்டர், காலை 8.11
நம்ம வார்டுல என்ன செய்வோம்னு யோசிச்சு எழுதினா தப்பாகும். வார்டுல ஆள் பத்தாது, டாக்டர் பக்கத்துலயே இருப்பார். பரீட்சையில உனக்கு ஒரே நோயாளி, கை நிறைய நேரம், எல்லாப் பொருளும் இருக்கு. வேலையைப் பிரிச்சுக் கொடுக்கிற கேள்வியும் அப்படித்தான். நம்ம ஆஸ்பத்திரி பி.பி.கே. மாதிரி, தாதியா இல்லாத உதவியாளருக்கு, நிலையா இருக்கிற நோயாளியைக் குளிப்பாட்ட, சாப்பாடு ஊட்ட, இரத்த அழுத்தம் எடுக்கக் கொடுக்கலாம். நோயாளியை மதிப்பிடுறதும், சொல்லிக் கொடுக்கிறதும், பலன் தெரிஞ்சுதான்னு பார்க்கிறதும் பதிவு பெற்ற தாதி வேலை. விடையில இந்த மூணுல ஒண்ணை உதவியாளர் தலையில கட்டியிருந்தா அதை உடனே தள்ளிடு.

புனிதா, காலை 8.20
"பொருந்துவதெல்லாம் தேர்ந்தெடு" கேள்வியில எல்லாத்தையும் டிக் பண்ணிட்டா பாதி மார்க்காவது வரும்னு சொல்றாங்களே?

சாந்தி அக்கா, காலை 8.26
வராது. 2023 ஏப்ரல்ல வந்த புது முறையில பகுதி மதிப்பெண் உண்டு, ஆனா அந்த மாதிரிக் கேள்வியில தப்பான டிக்குக்கு ஒண்ணு கழிப்பாங்க. கணக்குப் போட்டுப் பாரு. இடுப்பு அறுவை சிகிச்சை முடிஞ்சு மூணாம் நாள். திடீர் மூச்சுத் திணறல், ஆக்சிஜன் 86, நாடி 124, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடா இருக்கு. கூடவே காயத்துல 3/10 வலி, வெப்பம் 37.2, இரத்த அழுத்தம் 128/76. உடனே கவனிக்க வேண்டியது முதல் நாலும். ஏழையும் டிக் பண்ணினா நாலுல மூணு கழிஞ்சு ஒரு மார்க். உறுதியாத் தெரிஞ்ச மூணை மட்டும் டிக் பண்ணினா மூணு மார்க். பூஜ்யத்துக்குக் கீழ இறங்காது, அவ்வளவுதான். "மூணைத் தேர்ந்தெடு"ன்னு எண்ணிக்கை சொல்லிட்டா கழிக்க மாட்டாங்க, அங்க மூணையும் நிரப்பிடு.

கவிதா அம்மா, காலை 8.41
அஞ்சு மணி நேரப் பரீட்சைன்னு சொல்றா. புள்ள பசியில மயங்கிடாதா சிஸ்டர்?

மல்லிகா சிஸ்டர், காலை 8.47
மாட்டாம்மா. உள்ள தண்ணி கூடக் கொண்டு போக முடியாது, ஆனா லாக்கர்ல வாழைப்பழம், பிஸ்கட், தண்ணி வைக்கலாம். ரெண்டு மணி நேரம் ஆனதும் கணினியே இடைவேளை வேணுமான்னு கேக்கும், மூணரை மணி நேரத்துல இன்னொரு தடவை. கடிகாரம் மட்டும் நிக்காது. கவிதா, முதல் இடைவேளையை விட்டுடாதே. "நான் நல்லாத்தான் இருக்கேன்"னு உட்கார்ந்தே இருக்கிற பிள்ளைங்களுக்கு அப்புறம் கேள்வியை மூணு தடவை படிச்சாலும் மண்டையில ஏறாது.

கவிதா, காலை 8.55
சிஸ்டர், 85-ல நின்னா பாஸ், தாண்டினா பெயில்னு எல்லாரும் சொல்றாங்களே. அதை நினைச்சாலே கை நடுங்குது.

சாந்தி அக்கா, காலை 9.02
அதை நம்பாதேம்மா. குறைஞ்சது 85, அதிகபட்சம் 150. நீ தேர்ச்சிக் கோட்டுக்கு மேலயா கீழயான்னு 95 சதவீதம் உறுதியானதும் கணினி நிறுத்திடும். 85-ல நின்னு தேறினவங்களும் உண்டு, தேறாதவங்களும் உண்டு. 86-ஆவது கேள்வி வந்தா நீ கோட்டுக்குப் பக்கத்துல இருக்கே, அது இன்னும் முடிவு பண்ணலன்னுதான் அர்த்தம். அங்க மனசு விட்டு மளமளன்னு குத்து மதிப்பா டிக் பண்ணினா உன்னை நீயே கீழ இழுத்துக்கிற மாதிரி. 300 நிமிஷம், 150 கேள்வி, ஒண்ணுக்கு ரெண்டு நிமிஷம் இருக்கு. நேரம் முடியும்போது 85 கூட எழுதியிருக்கலன்னாதான் நேரா பெயில். திரும்பிப் போய்த் திருத்தவும் முடியாது, அதனால "அடுத்தது" அழுத்தின கேள்வியை மறந்துடு.

புனிதா, காலை 9.10
எஸ்டேட்ல ராத்திரி இன்டர்நெட் லைனே வர்றதில்ல, கோயில் திருவிழா ஒலிபெருக்கி வேற. எப்படித்தான் படிக்கிறது?

மல்லிகா சிஸ்டர், காலை 9.18
டவுன்ல லைன் இருக்கும்போதே கேள்விகளை இறக்கி வச்சுக்கோ. காதடைப்பான் போட்டுக்கிட்டுப் படி, பரீட்சைக் கூடத்துலயும் கேட்டா கொடுப்பாங்க, இப்பவே பழகினா நல்லது. நைட் ஷிப்ட் முடிச்சு வந்து புதுப் பாடம் எடுக்காதே, தூங்கு. எழுந்து 40 கேள்வி போட்டாப் போதும். ஆனா போட்ட ஒவ்வொண்ணுக்கும் விளக்கத்தைப் படி, சரியா எழுதினதுக்கும் சேர்த்து. தப்பை மூணு வகையாக் குறிச்சு வை: பாடம் தெரியல, கேள்வியைச் சரியாப் படிக்கல, முன்னுரிமை தப்பு. எந்த வகை கூடுதுன்னு பார்த்து அதுல உட்காரு. பரீட்சைக்கு முந்தின வாரம் நைட் ஷிப்ட்டை யார்கிட்டயாவது மாத்திக்கோங்க ரெண்டு பேரும்.

சாந்தி அக்கா, காலை 9.25
மருந்துப் பேரையும் பழகிக்கோங்க. அசிட்டமினோஃபென்னா நம்ம பாராசிட்டமால், அல்பியூட்டரால்னா சல்பியூட்டமால், எபினெஃப்ரின்னா அட்ரினலின், மெப்பெரிடின்னா பெத்திடின். அமெரிக்கப் புத்தகத்துல இரத்தச் சர்க்கரை அளவு டெசிலிட்டருக்கு இத்தனை மி.கி.ன்னு இருக்கும், 18-ஆல வகுத்தா நம்ம லிட்டருக்கு மில்லிமோல். 70-ன்னா 3.9.

மல்லிகா சிஸ்டர், காலை 9.30
சரி, ரெண்டு பேரும் இதைப் போடுங்க. குழந்தை எடை 14 கிலோ. பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி. மருந்து 5 மி.லி.யில 120 மி.கி. எத்தனை மி.லி.?

கவிதா, காலை 9.34
210 மி.கி. வேணும். 210-ஐ 120-ஆல வகுத்து 5-ஆல பெருக்கினா 8.75. 9 மி.லி. சிஸ்டர்.

மல்லிகா சிஸ்டர், காலை 9.36
8.75 வரைக்கும் சரி. 9-ன்னு யார் கேட்டது? எத்தனை தசமம் வேணும்னு கேள்வியிலயே போட்டிருப்பாங்க, அப்படிக் கேட்டா மட்டும், அதுவும் கடைசி விடையில மட்டும் முழுசாக்கணும். நடுவுல முழுசாக்கினா சொட்டுக் கணக்குல தப்பு பெருசாகும். இப்ப அடுத்தது: 1000 மி.லி. சலைன், 8 மணி நேரம், மி.லி.க்கு 20 சொட்டு. நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு? முழு எண்ணாச் சொல்லுங்க.

புனிதா, காலை 9.41
20000-ஐ 480-ஆல வகுத்தா 41.67. 42 சொட்டு.

மல்லிகா சிஸ்டர், காலை 9.42
சரி 👍 நாளைக்கு ஹெப்பாரின் மருந்துக் கணக்கு. கவிதா, பேர் விஷயமா எழுதிட்டியா?

கவிதா, காலை 9.44
அனுப்பிட்டேன் சிஸ்டர், கடப்பிதழ் படத்தோட. பதில் வந்த பிறகுதான் தேதி பிடிப்பேன்.