புதுப்பிப்பு: இறுதியாண்டு ஈசிஜி ப்ராஜெக்ட்

இறுதியாண்டு ப்ராஜெக்டில் ஈசிஜி துடிப்புகளைப் பிரித்தறிய நேராக டீப் லேர்னிங் போகலாமா, பழைய முறையில் தொடங்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பழையதிலேயே தொடங்கினோம். பதில் சொன்ன சீனியர்களுக்கு மனமார்ந்த நன்றி.

ஈசிஜியில் துடிப்புகள் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க 1985-இல் வந்த பான்-டாம்ப்கின்ஸ் முறையை, ரெடிமேட் கோட் லைப்ரரி இல்லாமல் நாங்களே எழுதினோம். 5 முதல் 15 ஹெர்ட்ஸ் வரை வடிகட்டி, சரிவு எடுத்து, வர்க்கமாக்கி, 150 மில்லிசெகண்ட் ஜன்னலில் சராசரி எடுத்தால், கியூஆர்எஸ் (ஒவ்வொரு துடிப்பிலும் கூர்மையாக எழும் பகுதி) இருக்கும் இடம் மட்டும் மேடாக எழுகிறது. அதைத் திரையில் பார்த்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது! மின்சார லைனிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் அந்த வடிகட்டியிலேயே அடங்கிவிடுகிறது.

சோதனைக்கு எம்ஐடி-பிஐஎச் என்ற பொது ஈசிஜி தொகுப்பு: தலா அரைமணி நேரம் ஓடும் 48 பதிவுகள், நொடிக்கு 360 மாதிரிகள். 108-ஆம் பதிவு படுத்துகிறது. அதில் பி அலைகளே (கியூஆர்எஸ்ஸுக்கு முன்னால் வரும், வழக்கமாகச் சிறிய அலைகள்) உயரமாக இருப்பதால் துடிப்பென்று தப்பாக எண்ணப்படுகிறது.

அடுத்து வகைப்படுத்தல், அதாவது ஒவ்வொரு துடிப்பும் எந்த வகை என்று பிரிப்பது. இதில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: ஒரே நோயாளியின் துடிப்புகளைப் பயிற்சியிலும் சோதனையிலும் கலக்காதீர்கள். கலந்தால் வரும் 99 சதவீதத் துல்லியத்தை நம்பவே முடியாது. நோயாளிவாரியாகப் பிரித்தால் எண் குறையும், ஆனால் அதுதான் உண்மையான எண்.

உடலிலிருந்து நேரடியாக ஈசிஜி எடுக்கும் ஏடி8232 சென்சார் போர்டை இனிமேல்தான் இணைக்கிறோம், பாதுகாப்புக்காக லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு.