பிட் ஸ்டொப் மாற்றிய பந்தயம்: நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள்

இரணைமடுக்காரன்:

ஃபோர்முலா வன் பந்தயம் முடிந்தால் மறுநாள் எல்லாரும் முதல் மூன்று பேரைப் பற்றித்தான் கதைப்பார்கள். எனக்கு அது காணாது. யார் எந்தச் சுற்றில் ரயர் மாற்றும் இடமான பிட்டுக்குள்ளே போனான், என்ன ரயரோடு வெளியே வந்தான் என்று தெரிந்தால்தான் முடிவே விளங்கும்.

இந்தப் பழக்கம் 2022இல் பிடித்தது. கரண்ட் எப்போது நிற்கும், எப்போது வரும் என்று தெரியாத மாதங்கள் அவை. கிளிநொச்சியில் இருந்துகொண்டு பந்தயத்தைப் படமாகப் பார்ப்பது நடக்கிற காரியமில்லை. ஃபோனில் மிஞ்சிக் கிடந்த சார்ஜில் சுற்று நேரங்கள் ஓடும் பக்கத்தை மட்டும் திறந்து வைத்திருப்பேன். வெறும் இலக்கங்கள். ஒருவனுடைய நேரம் சுற்றுக்குச் சுற்று கூடத் தொடங்கினால் ரயர் தேய்கிறது, சீக்கிரம் உள்ளே போவான் என்று படம் இல்லாமலே சொல்லிவிடலாம். படத்தில் பார்த்தால் முன்னுக்கு ஓடுகிற கார்தான் கண்ணை இழுக்கும். இலக்கத்தில் பதினொராம் இடத்துக்காரனும் அதே எழுத்தளவில்தான் இருப்பான்.

புதிதாகப் பார்க்கிறவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். 2010 முதல் பந்தயத்தின் நடுவில் எரிபொருள் நிரப்ப அனுமதி இல்லை. ரயர் மாற்றத்தான் உள்ளே வருகிறார்கள். கார் நிற்பது இரண்டு, இரண்டரைச் செக்கன். ஆனால் பிட் பாதையில் வேகம் மணிக்கு 80 கிலோமீற்றரைத் தாண்டக்கூடாது, இடுக்கான மொனாக்கோவில் 60. அதனால் பல ஓடுபாதைகளில் மொத்தமாக இருபது செக்கன் அளவில் போய்விடும். மழை இல்லாத நாளில் மென், மீடியம், வன் என்ற மூன்றில் இரண்டு வகை ரயர் போட்டே ஆக வேண்டும் என்பதால் அந்த இருபது செக்கனை ஒரு தரமாவது எல்லாரும் கொடுத்தாக வேண்டும். எப்போது கொடுப்பது என்பதில்தான் கெட்டித்தனம். முன்னால் போகிறவனுக்கு ஒரு சுற்று முந்தி உள்ளே போய், புது ரயரில் விரட்டி ஓடி, அவன் தன் முறை முடித்து வெளியே வரும்போது அவனுக்கு முன்னால் போய்விட்டால் அது அண்டர்கட். விபத்து நடந்தால் முன்னால் விடுகிற சேஃப்டி கார் வந்து எல்லாரும் மெதுவாக ஓடும்போது உள்ளே போனால் இழப்பு அரைவாசி அளவுக்குக் குறையும்.

என்னுடைய தெரிவு 2021 ஹங்கேரி. மழையில் தொடக்கம். முதல் வளைவிலேயே பொட்டாஸ் பிரேக் பிடிக்கப் பிந்தி நோரிஸை இடிக்க, நோரிஸ் போய் வெர்ஸ்டாப்பனை இடிக்க, சிவப்புக் கொடி காட்டிப் பந்தயத்தை நிறுத்தினார்கள். திரும்பத் தொடங்குவதற்கிடையில் வெயில் எறித்துவிட்டது. எல்லாருடைய காரிலும் ஈரத் தரைக்கான, பச்சைக் கோடு போட்ட இடைநிலை ரயர், தரையோ காய்ந்துகொண்டிருக்கிறது. தொடக்கத்துக்கு முன் மெதுவாக ஓடும் ஃபோர்மேஷன் சுற்று முடிகிற இடத்தில் ஓடிக்கொண்டிருந்த அத்தனை பேரும் பிட்டுக்குள் திரும்பினார்கள், ஹமில்டனைத் தவிர. தொடக்கக் கோட்டில் ஒரேயொரு கார். ஐந்து விளக்கும் அந்த ஒரு காருக்காக எரிந்து அணைந்தன. அடுத்த சுற்றில் அவரும் உள்ளே போய் வெளியே வந்தபோது கடைசி இடம்.

அங்கிருந்து ஒவ்வொருவராகப் பிடித்து வந்தார். வெற்றி கைக்கெட்டிய நேரத்தில் அலொன்சோ மறித்தார். பத்துச் சுற்றளவு, வளைவுக்கு வளைவு, பார்க்கப் பார்க்க அலுக்காது. அந்த நேரம் போதும், அலொன்சோவின் அணிக் கூட்டாளி ஒக்கோன் தன் முதல் வெற்றியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஹமில்டன் முடித்தது ஒக்கோனுக்கு மூன்று செக்கனுக்குள். இரண்டாவதாக வந்த வெட்டல், பரிசோதனைக்கு ஒரு லீற்றர் எரிபொருள் காரிலிருந்து எடுக்க முடியாமல் போனதால் நீக்கப்பட்டார். ஆகவே பட்டியலில் ஹமில்டன் இரண்டாவது. பட்டியலை மட்டும் பார்க்கிறவனுக்கு ஒரு சாதாரண இரண்டாம் இடம்.

மாங்குளம் ரயர்கடை:

தம்பி, உங்கள் இலக்கங்கள் இருக்கட்டும். நான் அந்த இரண்டு செக்கனை மட்டும் திரும்பத் திரும்பப் பார்க்கிற ஆள். ஒரு சில்லுக்கு மூன்று பேர்: ஒருவர் நட்டுக் கழற்றும் துப்பாக்கி பிடிக்க, ஒருவர் பழைய சில்லை இழுக்க, மற்றவர் புதியதை வைக்க. முன்னுக்கும் பின்னுக்கும் ஜாக்கிக்காரர். 2023இல் கட்டாரில் மக்லாரன் ஆட்கள் நோரிஸின் காரை 1.80 செக்கனில் அனுப்பினார்கள், உலக சாதனை. லொறிச் சில்லில் பத்து நட்டு, அங்கே சில்லுக்கு ஒரேயொரு நட்டு, ஆனாலும் 1.80!

நான் சொல்ல வந்தது வேகத்தைப் பற்றி அல்ல. 2021 மொனாக்கோ, இரண்டாம் இடத்தில் ஓடிய பொட்டாஸ் ரயர் மாற்ற வந்தார். முன் வலப்பக்கச் சில்லு கழரவில்லை. துப்பாக்கி கொஞ்சம் கோணலாகப் பட்டிருக்கிறது, அதுவும் பெருவிசையில் சுற்றுகிற சாமான், நட்டின் பிடிமானம் முழுக்க உராய்ந்து போயிற்று. கடையில் இது எனக்கு அடிக்கடி வரும் தலையிடி. யாரோ அவசரத்தில் தப்பான சாவி போட்டு நட்டின் மூலையை உருட்டிவிட்டு என்னிடம் கொண்டு வருவார்கள். ஒன்றில் உளி வைத்து அடிக்க வேண்டும், இல்லையென்றால் மேலே இன்னொரு நட்டை வெல்ட் பிடித்துத் திருப்ப வேண்டும். வெல்ட் சூட்டில் இறுக்கம் கொஞ்சம் இளகும், அதுதான் அதிலுள்ள நன்மை. ஆனால் அலோய் சில்லுக்குப் பக்கத்தில் அதைச் செய்யப் பயம். மெர்சிடிஸ் ஆட்களுக்கும் ஓடுபாதையில் வைத்துக் கழற்ற முடியவில்லை. காரை இங்கிலாந்துத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய்த்தான் கழற்றினார்கள். பொட்டாஸுக்குப் பந்தயம் அதோடு முடிந்தது, இரண்டாம் இடம் சைன்ஸுக்குப் போனது, வென்ற வெர்ஸ்டாப்பன் சம்பியன் பட்டியலில் முதல் தடவையாக முன்னுக்கு வந்தார்.

வாடிக்கையாளர் "கெதியா முடியுங்கோ அண்ணை" என்று நெருக்கினால் அந்த வீடியோவைக் காட்டுவேன்.

வவுனியா ரீச்சர்:

என் அனுபவம் வகுப்பறையில். 2024 பெல்ஜியத்தில் ரஸல் ஒரே தடவை ரயர் மாற்றி வென்றார், மற்றவர்கள் பெரும்பாலும் இரண்டு தடவை. பழைய ரயரில் ஹமில்டனைக் கடைசிவரை பின்னுக்கே வைத்திருந்தார். பிறகு காரை நிறுத்துப் பார்த்தால் 796.5 கிலோ. அப்போதைய விதிப்படி குறைந்தது 798 இருக்க வேண்டும். நீக்கினார்கள், வெற்றி ஹமில்டனுக்குப் போனது.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைக் கணக்காகக் கொடுத்தேன். ஒன்றரைக் கிலோ எங்கே போயிருக்கும்? ஒரு பிள்ளை "வியர்வை" என்றது, கெட்டிக்காரத்தனமான பதில்தான், ஓட்டுநரையும் சேர்த்துத்தான் நிறுக்கிறார்கள். ஆனால் நீண்ட நேரம் ஓடிய ரயரின் ரப்பர் தேய்ந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று சொல்லப்பட்டது. வழமையாக முடிந்த பின் ஒரு சுற்று மெதுவாக வரும்போது பாதையில் கிடக்கும் ரப்பர் துண்டுகள் ரயரில் ஒட்டி நிறை கொஞ்சம் கூடும். ஸ்பாவில் அந்தச் சுற்று இல்லை, நேரே உள்ளே வந்துவிடுவார்கள். வெற்றியைக் கொடுத்த உத்தியே அதைப் பறிப்பதிலும் பங்கெடுத்திருக்கலாம் என்றபோது வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. பிறகு வழக்கம்போலச் சத்தம்.

ஏ9 லொறி:

எல்லாரும் உத்தி உத்தி என்கிறீர்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. தம்புள்ளையிலிருந்து மரக்கறி ஏற்றி வருகிற நாட்களில் முறிகண்டியில் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்திவிட்டு, கச்சான் வாங்கிக்கொண்டு, ஃபோனில் எத்தனையாம் சுற்று என்று பார்ப்பேன். முறிகண்டிதான் எனக்குக் கட்டாய பிட் ஸ்டொப், அதில் உத்தி ஒன்றும் இல்லை, எல்லாரும் நிற்பார்கள்.

ரயரே மாற்றக்கூடாது என்று ஒரு வருடம் சட்டம் இருந்தது தெரியுமா? 2005. ஒரு செட் ரயரில் முழுப் பந்தயமும். அந்த வருடம் அமெரிக்காவில், இண்டியானாபோலிஸில், மிஷெலின் ரயர்கள் சாய்வான வளைவைத் தாங்காது என்று தெரிந்துபோய், ஃபோர்மேஷன் சுற்றோடு 14 கார்கள் உள்ளே போய் நின்றுவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட ஆறு கார்தான் ஓடின. ஜோர்டன் அணியில் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் நாலாவது. ஐந்து புள்ளி. போர்நிறுத்தத்தில் ஏ9 வீதி திறந்திருந்த காலம், பேப்பரில் படித்துவிட்டு அன்று முழுக்க ஏற்றி இறக்குகிற இடமெல்லாம் இதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இரணைமடுக்காரன்:

அண்ணை, ஆறு பேரில் நாலாவது.

ஏ9 லொறி:

நின்றவர்களை யார் நிற்கச் சொன்னது? ஓடினவர் நாலாவது. புள்ளி புள்ளிதான்.

முல்லைக்கடல்:

நான் சிங்கப்பூரில் வேலை. ஊர் புதுக்குடியிருப்பு. டிக்கெட் விலை கேட்டால் தலை சுற்றும், ஆகவே 2023 பந்தயத்தை விடுதியில் ஃபோனில்தான் பார்த்தேன். இங்கே இரவு எட்டு மணி, ஊரில் மாலை ஐந்தரை. தம்பி வீட்டில் பார்த்துக்கொண்டு எனக்குத் தகவல் அனுப்பிக்கொண்டே இருந்தான்.

சைன்ஸ் முன்னுக்கு, பின்னால் நோரிஸ். 62 சுற்றில் 44ஆம் சுற்றளவில் ஒக்கோனின் கார் நின்றது, எல்லாரும் வேகம் குறைக்க வேண்டியதாயிற்று. மெர்சிடிஸ் இரண்டு காரையும் உள்ளே கூப்பிட்டது. அவர்கள் ஒரு செட் புது மீடியம் ரயரை அதுவரை பத்திரமாக வைத்திருந்தார்கள். வெளியே வந்த ரஸலும் ஹமில்டனும் மின்னலாக நெருங்கினார்கள். "சைன்ஸ் முடிஞ்சுது" என்று தம்பி எழுதினான்.

அப்போது சைன்ஸ் செய்ததை நான் வேறெந்தப் பந்தயத்திலும் கண்டதில்லை. தப்பி ஓடவில்லை. வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்து நோரிஸைத் தனக்குப் பின்னால் ஒரு செக்கனுக்குள் வைத்திருந்தார். அப்போதைய விதிப்படி ஒரு செக்கனுக்குள் இருந்தால் நோரிஸ் நேர்ப்பாதையில் பின் இறக்கையைத் திறக்கலாம், கூடுதல் வேகம் கிடைக்கும், அந்த வேகத்தில் ரஸலைப் பின்னுக்கே வைத்திருக்கலாம். எதிராளிக்கு உதவி செய்து அவனையே தனக்கு மதிலாக்கிக்கொண்டார். கடைசிச் சுற்றில் ரஸல் சுவரில் அடித்தார். சைன்ஸ், நோரிஸ், ஹமில்டன். அந்த வருடத்தின் 22 பந்தயங்களில் ரெட் புல் வெல்லாதது இது ஒன்றுதான்.

லொறி அண்ணை, இதையும் உத்தி என்று தள்ளிவிடுவீர்களா?

ஏ9 லொறி:

இது ஸ்ரேரிங் பிடித்தவன் யோசித்த உத்தி. அது வேறு.

வவுனியா ரீச்சர்:

ஹமில்டனும் வெர்ஸ்டாப்பனும் சம்பியன் பட்டத்துக்கு மோதிய 2021 அபுதாபியை ஒருவரும் சொல்லவில்லையே?

இரணைமடுக்காரன்:

ரீச்சர், அதைத் தொடங்கினால் விடியும். சேஃப்டி கார் விதியைப் பற்றிய சண்டையை விட்டுவிட்டு ரயரை மட்டும் பார்த்தால் விஷயம் சின்னது. முன்னுக்கிருந்த ஹமில்டன் உள்ளே போனால் இடம் போகும் என்ற பயம். வெர்ஸ்டாப்பனுக்கு இழக்க ஒன்றுமில்லை, புது மென் ரயர் போட்டுக்கொண்டு வந்தார். கடைசிச் சுற்றில் தேய்ந்த வன் ரயருக்கு எதிராகப் புது மென் ரயர். ஐந்தாம் வளைவில் வெர்ஸ்டாப்பன் முந்தினார், முடிந்தது.

மாங்குளம் ரயர்கடை:

2016 மொனாக்கோவையும் எழுதிவிடுங்கள். ரிக்கார்டோ முன்னுக்கு ஓடிக்கொண்டிருந்து உள்ளே வருகிறார், ஆட்கள் நிற்கிறார்கள், ரயரைக் காணோம்! தேடி எடுத்து வருவதற்குள் ஹமில்டன் முந்திவிட்டார். ரிக்கார்டோ இரண்டாவது. சாமானை எடுத்து வைக்காமல் ஜாக்கி போடாதே என்று கடைப் பொடியளுக்குச் சொல்லுவேன்.

இரணைமடுக்காரன்:

மொனாக்கோவில் முந்த முடியாது என்றுதான் 2025இல் குறைந்தது இரண்டு தரம் ரயர் மாற்ற வேண்டும் என்று விதி போட்டார்கள். லொறி அண்ணைக்கு அதுவாவது பிடித்ததா?

ஏ9 லொறி:

பார்த்தேன். ஒரே அணியில் ஒருவன் ஊர்ந்து பின்னாலுள்ளவர்களை மறிக்க, மற்றவன் அந்த இடைவெளியில் ரயர் மாற்றிக்கொண்டு வந்தான். சிவப்புக் கொடி வந்தால் இடம் இழக்காமல் ரயர் மாற்றலாம், அது வரும் வரும் என்று வெர்ஸ்டாப்பன் இரண்டாவது மாற்றத்தைக் கடைசிவரை தள்ளிப்போட்டு ஓடி நாலாவதானார். நோரிஸ் முன்னுக்குத் தொடங்கி முன்னுக்கே முடித்தார். இரண்டல்ல, ஐந்து தரம் மாற்றச் சொன்னாலும் அந்த வீதி அகலப் போவதில்லை. அந்தக் கார்களின் அகலத்தைக் குறைக்கச் சொல்லுங்கள், பிறகு கதைப்போம்.