அதே கிளவுஸா, வேற கிளவுஸா?

மார்த்தாண்டத்துக்காரன்: ஐசியூ சிஸ்டர்கள் கிருமித் தடுப்பில் ஒரு குறையும் வைப்பதில்லை என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். வயிறு எரிகிறது. போன மாதம் எங்கள் அப்பா ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் வென்டிலேட்டரில் கிடந்தார். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். சிஸ்டர் அப்பாவுக்கு சக்ஷன் போட்டு சளி எடுத்தார், அதே கிளவுஸோடு அடுத்த கட்டிலில் போய் டிரிப்பைத் திருகினார்.

தக்கலை சிஸ்டர்: அதே கிளவுஸ் என்று எப்படித் தெரியும்? எல்லாம் ஒரே நிறம்தானே. 14 வருஷம் ஐசியூவில் நின்றவள் நான், அதில் 6 வருஷம் குவைத். நோயாளியைத் தொடும் முன், குழாய் ஊசி வேலைக்கு முன், சளி ரத்தம் பட்ட பின், நோயாளியைத் தொட்ட பின், கட்டிலையோ மானிட்டரையோ தொட்ட பின் என்று ஐந்து நேரம் கை சுத்தம் செய்யணும். கையில் தேய்க்கும் ஆல்கஹால் ரப் என்றால் 20 முதல் 30 நொடி, சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 நொடி. ஐசியூவில் வென்டிலேட்டரில் இருக்கும் ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பதுதான் முறை. ராத்திரி நாலு வென்டிலேட்டரை ஒருத்தி தலையில் கட்டினால் அந்த நொடிகளை அவள் எங்கே போய் எடுப்பாள்?

மார்த்தாண்டத்துக்காரன்: கிளவுஸ் மாற்றினாரா இல்லையா, அதைச் சொல்லுங்கள்.

கருங்கல் தம்பி: அண்ணாச்சி, உள்ளே விட்டால் செருப்போடு போய் நெற்றியில் திருநீறு பூசி, டியூபைப் பிடித்துப் பார்க்கிற சொந்தக்காரர்கள் கொண்டுவரும் கிருமியை யார் கணக்குப் பார்ப்பது?

மார்த்தாண்டத்துக்காரன்: நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள் தம்பி, திருநீறு பூசவில்லை. பேச்சை மாற்ற வேண்டாம்.

குளச்சல் லேப்: கிளவுஸ் போட்டால் கை கழுவ வேண்டாம் என்று நினைக்கிற சிஸ்டர்களை நானே பார்த்திருக்கிறேன். கழற்றும்போதே கிருமி கையில் ஒட்டும், கிளவுஸில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டையும் இருக்கும். க்ளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற கிருமியால் வரும் பேதி என்றால் ரப் போட்டும் பலனில்லை, சோப்பும் தண்ணீரும்தான்.

தக்கலை சிஸ்டர்: லேப் கதவைத் தாண்டாத நீங்கள் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். போன வருஷமும் ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் விஷயத்தில் இதே மாதிரி எங்கள் மேல்தான் பழி போட்டீர்கள், மறக்கவில்லை. கட்டில் கட்டிலாகக் கையைக் கழுவாமல் போகும் பெரிய டாக்டரைப் பற்றி ஒரு வரி எழுதுங்கள் பார்ப்போம். எழுத மாட்டீர்கள். சிஸ்டர் என்றால் மட்டும் எல்லாருக்கும் கண் தெரியும். எங்கள் கை பார்த்திருக்கிறீர்களா? ரப் போட்டுப் போட்டு விரல் இடுக்கெல்லாம் வெடித்து, வீட்டில் மீன் குழம்புக்கு மிளகாய் அரைத்தால் கண்ணில் தண்ணீர் வரும்.

குளச்சல் லேப்: குவைத் பெருமை இங்கே எடுபடாது.

தக்கலை சிஸ்டர்: பெருமைதான். உழைத்துப் பெற்றது.

மார்த்தாண்டத்துக்காரன்: அக்கா, உங்கள் கை வெடித்ததற்கு வருத்தம்தான். எங்கள் அப்பாவுக்கு ஆறாம் நாள் காய்ச்சல் ஏறியது. அந்த சிஸ்டர் கிளவுஸ் மாற்றவில்லை.

தக்கலை சிஸ்டர்: மாற்றியிருப்பார். உங்களுக்குத் தெரிந்திருக்காது.

மார்த்தாண்டத்துக்காரன்: மாற்றவில்லை.