கொரிட்டா கென்ட் பாணியில் அமைதி போஸ்டர்: எட்டாம் வகுப்புக்கு எப்படி?

சித்திர வகுப்பு:
முப்பது பிள்ளைகள், வலைத்துணி கட்டிய ரெண்டு அச்சுச் சட்டம் (ஸ்கிரீன்). வெளிச்சம் காட்டி ஸ்கிரீனில் உருவம் பதிக்கும் (எக்ஸ்போஸ்) வசதி இல்லை. வழக்கமான புறாவை வரைந்து தள்ளாமல், ஸ்கிரீன் அச்சில் படைத்த அமெரிக்கக் கன்னியாஸ்திரீ ஓவியர் கொரிட்டா கென்ட் சொல்லிக்கொடுத்த முறையிலேயே செய்ய எங்கே ஆரம்பிக்கலாம்?

மைக்கறை:
ஸ்கிரீனைத் தொடுவதற்கு முன் ஒரு அட்டைத் துண்டு போதும். லாஸ் ஏஞ்சல்ஸ் இமாகுலேட் ஹார்ட் கல்லூரியில் மாணவிகளிடம் அவர் கொடுத்த 'ஃபைண்டர்' அதுதான். நடுவில் 2.5 × 3.5 செ.மீ. ஓட்டை போடுங்கள். ஒரு கண்ணை மூடி, அதன் வழியே கடை போர்டையும் பிஸ்கட் கவரையும் பார்க்கட்டும். ஓட்டை பெரிதானால் முழுக்காட்சியும் உள்ளே வந்துவிடும், பயிற்சி வீண்.

அவர் அச்சுகளில் வருவதுபோல் எழுத்துகள் நெளியவும் வழி இருக்கிறது. விளம்பரத் தாளை வளைத்துப் போட்டோ எடுத்து, அதைப் பெரிதாக்கி நகல் எடுத்து வெட்டுவார். 1962-ல் செய்த 'வொண்டர்பிரெட்' அச்சைக் காட்டுங்கள்: வொண்டர் பிரெட் என்ற அமெரிக்க ரொட்டி உறையின் வண்ணப் பொட்டுகள் அதில் கிறிஸ்தவ வழிபாட்டின் நற்கருணை அப்பமாகின்றன. வாசகத்தைப் பிள்ளைகள் கவரிலிருந்தே பொறுக்கட்டும். "அமைதி வாழ்க" என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால் கதை முடிந்தது.

பட்டறை ராஜா:
எமல்ஷன் (வெளிச்சத்தில் கெட்டியாகும் பூச்சு) வேண்டாம் டீச்சர், பேப்பர் ஸ்டென்சில் போதும். பட்டர் பேப்பரில் எழுத்தை வெட்டி ஸ்கிரீனுக்கு அடியில் வையுங்கள், முதல் இழுப்பில் மையே அதை ஒட்டிக்கொள்ளும். மெஷ் (ஸ்கிரீனின் வலை) செ.மீ.க்கு 61 இழை, தண்ணீர் மை. நாலு மூலையிலும் நாணயம் ஒட்டி 2 மி.மீ. தூக்கி வைக்காவிட்டால் தாள் ஸ்கிரீனோடு எழுந்து வரும்.

மை ஓரம் கசிகிறதா? மை தண்ணியாக இருக்கும், அல்லது ஸ்குவீஜியை (மை இழுக்கும் ரப்பர் பட்டை) படுக்கப் போட்டு இழுக்கிறார்கள். ஒரே இழுப்புதான், திரும்பத் தேய்க்கக் கூடாது. நடுவில் நிறுத்தினால் மை கண்ணியில் காய்ந்து அடைத்துக்கொள்ளும், அதனால் ஒவ்வொரு பிரதிக்குப் பிறகும் ஸ்கிரீன்மேல் மையைப் பரப்பி வைக்கச் சொல்லுங்கள். 25 பிரதிக்கு மேல் ஸ்டென்சில் ஊறிவிடும். க, த, ண சுழிக்குள்ளிருக்கும் துண்டுகள் கழன்று விழும். அவற்றைத் தனியாக வைத்து ஒட்டணும். ப, ட, ர-வில் அந்தத் தொல்லை இல்லை.

பழைய அச்சு:
தேதியில் கவனம். கொரிட்டா 1936-ல் கன்னியாஸ்திரீகள் சபையில் சேர்ந்தவர், 1968-ல் துறவறத்தை விட்டு பாஸ்டன் போனார். 'ஃபில் அண்ட் டான்' அச்சு 1969, அதில் 'சிஸ்டர்' என்று போட்டால் தவறு. வகுப்பில் நல்ல விவாதமும் அதிலிருந்துதான் கிளம்பும்: அந்த ஃபில், டான் என்ற பெரிகன் சகோதரர்கள் (இருவரும் பாதிரியார்கள்) உட்பட ஒன்பது கத்தோலிக்கர்கள், வியட்நாம் போரை எதிர்த்து, 1968 மே மாதம் அமெரிக்காவின் கேட்டன்ஸ்வில்லில் ராணுவ ஆள்சேர்ப்புக் கோப்புகளை எரித்துவிட்டு, ஓடாமல் நின்று கைதானார்கள். பொருளை அழிப்பது அகிம்சையில் சேருமா?

சித்திர வகுப்பு:
ரெண்டு நிறம் போடலாமா?

பட்டறை ராஜா:
போடலாம். வெளிர் நிறம் முதலில். ரெண்டு நிறமும் இடம் மாறாமல் விழ, மேஜையில் தாள் உட்காரும் இடத்தின் ஓரத்தில் மூன்று அட்டைத் துண்டு ஒட்டுங்கள், ரெண்டு நீளப்பக்கம், ஒன்று அகலப்பக்கம். முதல் நிறம் நன்றாகக் காயாமல் அடுத்ததைத் தொடாதீர்கள். ஓரம் ஒன்றோடொன்று 1 மி.மீ. ஏறட்டும், சரியாக முட்ட வைத்தால் வெள்ளைக் கோடு தெரியும்.