பயோடீசலின் அடியில் தங்கும் கிளிசரினையும் கழுவிய நீரையும் பாதுகாப்பாகப் பிரிப்பது எப்படி?

கேள்வி (புக்கிட் மெர்தாஜாம்)

அனைவருக்கும் வணக்கம். நான் இரவுச் சந்தைகளில் காய்கறி விற்பவன். சரக்கு ஏற்றுவதற்கு ஒரு பழைய டீசல் வேன் வைத்திருக்கிறேன். 2024 ஜூன் மாதத்தில் தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2 ரிங்கிட் 15 காசிலிருந்து 3 ரிங்கிட் 35 காசுக்கு உயர்ந்தது. அதன் பிறகு, மைத்துனரின் உணவகத்தில் மீந்துபோகும் சமையல் எண்ணெயைக் கொண்டு வீட்டுக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் பயோடீசல் செய்து வருகிறேன். ஒரு தடவைக்கு 50 லிட்டர் எண்ணெய், 10 லிட்டர் மெத்தனால் (ஒரு வகை ஆல்கஹால்), அதற்கேற்ற காஸ்டிக் சோடா என்பது என் கணக்கு.

எரிபொருள் ஓரளவு நன்றாகவே வருகிறது. ஆனால், எண்ணெய் எரிபொருளாக மாறும்போது பிரிந்து அடியில் தங்கும் கரும்பழுப்புக் கிளிசரின் இப்போது 3 தோங்குகளில் (பெரிய கலன்களில்) சேர்ந்துவிட்டது; அதில் ஒன்று மெழுகைப் போல உறைந்து கிடக்கிறது. எரிபொருளை நீர்விட்டுக் கழுவும்போது தண்ணீரும் எண்ணெயும் பால்போலக் கலந்து, மறுநாள் வரை பிரிவதில்லை. எல்லாவற்றையும் பெரிய கால்வாயில் ஊற்றிவிடும்படி பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். எனக்கு மனம் வரவில்லை. கிளிசரினைச் சூடாக்கினால் மெத்தனாலைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்றும் கேள்விப்பட்டேன். வீட்டில் இரண்டு சிறு பிள்ளைகள் இருப்பதால், தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மறுமொழி 1 (பிறை)

தம்பிக்கு வணக்கம். பனை எண்ணெயிலிருந்து இரசாயனப் பொருள்கள் செய்யும் ஆலை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும்: உங்கள் தோங்கில் இருப்பது மருந்துக்கடையில் விற்கும் கிளிசரின் அல்ல. 50 லிட்டர் எண்ணெய் முழுமையாக மாறுவதற்கு ஏறக்குறைய 6 லிட்டர் மெத்தனால் போதும். எண்ணெயும் மெத்தனாலும் சேர்ந்து மாறும் வேதிவினையை முன்னே தள்ளுவதற்காக நாம் கூடுதலாகச் சேர்க்கும் 4 லிட்டர் எங்கும் மறைந்துவிடுவதில்லை. அதில் பெரும்பகுதி அடியில் உள்ள கிளிசரினில்தான் கரைந்து நிற்கிறது. அதனுடன் சோப்பும், செலவாகாத காரமும் (காஸ்டிக் சோடா) சேர்ந்திருக்கின்றன. ஆகையால் அந்தத் தோங்கை, தீப்பற்றக்கூடிய, நஞ்சுள்ள, தோலை அரிக்கும் திரவமாகவே நீங்கள் கருத வேண்டும்.

உறைந்து போனதற்குக் காரணம் காஸ்டிக் சோடாவும் பனை எண்ணெயும் சேர்ந்ததுதான். நம் நாட்டுச் சமையல் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு மிகுதி. அது சோடியத்துடன் சேர்ந்து கட்டிச் சோப்பாகிறது. காஸ்டிக் சோடாவுக்குப் பதிலாகப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு பயன்படுத்தினால், அடி அடுக்கு பெரும்பாலும் திரவமாகவே நிற்கும். ஆனால் அதே வேலைக்கு எடை ஏறக்குறைய 1.4 மடங்கு தேவைப்படும். உறைந்த தோங்கை எக்காரணம் கொண்டும் அடுப்பின் மேல் வைக்காதீர்கள். திறந்த வெளியில், மூடியைச் சற்றே தளர்த்தி, வெந்நீர் நிரப்பிய பெரிய தொட்டிக்குள் இறக்கி வைத்தால் மெல்ல இளகும். அருகில் கேஸ் அடுப்போ, சிகரெட்டோ, மின்விசிறியின் சுவிட்சோ இருக்கக் கூடாது.

பிரிப்பதற்கு அவசரமே வேண்டாம். கலவை குறைந்தது ஓர் இரவு அசையாமல் நிற்கட்டும். அடி குவிந்த தொட்டியாக இருந்தால், குழாயோடு ஓர் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழலைப் பொருத்துங்கள். கருமை மறைந்து பொன்னிறம் தொடங்கும் இடம் கண்ணுக்குத் தெரியும். எல்லைக்கோட்டில் கலங்கலாக வரும் பகுதியைத் தனிக் கலனில் பிடித்து, அடுத்த தடவையோடு சேர்த்துக்கொள்ளலாம். கிளிசரினை முழுவதும் எடுக்காமல் பயோடீசலில் இருந்து மெத்தனாலை ஆவியாக்கி வெளியேற்ற முயல்வது பெரும் பிழை. இந்த வினை திரும்பக்கூடியது என்பதால், மெத்தனால் வெளியேறும்போது பயோடீசல் மீண்டும் எண்ணெய் நோக்கிப் போகும்.

மெத்தனாலை மீட்பது பற்றிக் கேட்டீர்கள். அது கொதிப்பது 64.7 பாகை செல்சியஸில். ஆனால் 11, 12 பாகையிலேயே தீப்பற்றத் தேவையான ஆவி கிளம்பிவிடும். நம் ஊரில் அதைவிடக் குளிர்ந்த நாள் கிடையாது. பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்குத் தெரியாது. எரிவதை உணரும்போது கை வெந்திருக்கும். ஆலையில் அடைத்த கலன், குளிர்விப்பான், தீப்பொறி எழாத மின்சாதனங்கள் எல்லாம் இருந்தும் நாங்கள் அஞ்சி அஞ்சித்தான் அந்த வேலையைச் செய்தோம். சில லிட்டர் மெத்தனாலுக்காகப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக் கொட்டகையில் வடிகலன் வைப்பதை நான் எந்த நிலையிலும் ஆதரிக்க மாட்டேன்.

பால்போலக் கலங்குவது இரண்டு காரணங்களால் வரும்: சோப்பு மிகுதி, அல்லது வினை முடியாமை. 27 மில்லிலிட்டர் மெத்தனாலில் 3 மில்லிலிட்டர் பயோடீசலை விட்டுக் குலுக்கிப் பாருங்கள். அடியில் எண்ணெய்த் துளி தங்கினால் வினை முழுமையாகவில்லை என்று பொருள். முதல் கழுவலில் கலக்காமல், வெதுவெதுப்பான நீரை மேலிருந்து பனிபோலத் தெளித்தாலே போதும். கலங்கிவிட்டால் சிறிது உப்புநீர் விட்டு, பொறுமையாகக் காத்திருங்கள்.

மறுமொழி 2 (பட்டர்வொர்த்)

ஐயா சொன்னதோடு என் அனுபவத்தையும் சேர்க்கிறேன். நான் வாகனப் பட்டறை வைத்திருப்பவன். தொடக்கத்தில் ஒருமுறை கிளிசரினைப் பழைய அலுமினியப் பானையில் பிடித்து வைத்தேன். சற்று நேரத்தில் நுரைத்துப் பொங்கியது, மறுநாள் பானையின் அடி அரித்துப் போயிருந்தது. காரம் அலுமினியத்தைத் தின்னும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும் என்பதும், மூடிய இடத்தில் அது வெடிக்கக்கூடியது என்பதும் எனக்குப் பின்னர்தான் தெரிந்தது. துத்தநாகம் பூசிய வாளியும் ஆகாது. துருப்பிடிக்காத எஃகு, அல்லது தடித்த நீலப் பிளாஸ்டிக் தோங்கு மட்டுமே பயன்படுத்துங்கள்.

துடைத்த துணிகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எண்ணெயும் பயோடீசலும் ஊறிய துணியைக் குவித்துப் போட்டால், காற்றோடு சேர்ந்து தானாகவே சூடேறி எரியத் தொடங்கலாம். சோயா, சூரியகாந்தி எண்ணெய்களில் இந்த ஆபத்து மிகுதி. பனை எண்ணெயில் குறைவுதான் என்றாலும், உணவகத்து எண்ணெயில் எது எது கலந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது. துணிகளை விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்து மூடியுள்ள உலோக வாளியில் வையுங்கள்.

கால்வாயில் ஊற்றுவதை மறந்தும் செய்யாதீர்கள். நம் வீட்டோரக் கால்வாய்கள் மழைநீருக்காக வெட்டப்பட்டவை; அவை சுத்திகரிப்பு நிலையத்திற்குச் செல்வதில்லை, நேரே ஆற்றுக்குப் போகின்றன. நம் பகுதியின் ஜூரு ஆறு ஏற்கனவே மாசுபட்டுப் பட்டிருக்கும் பாடு போதாதா?

மறுமொழி 3 (ஆயர் ஈத்தாம்)

வணக்கம் அண்ணன். நான் தாதியாகப் பணிபுரிகிறேன். பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று எழுதியிருப்பதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மலிவு மதுவைக் குடித்துப் பலர் இறந்தது நினைவிருக்கும். மெத்தனால் உடலில் ஃபார்மிக் அமிலமாக மாறி, கண் நரம்பைத் தாக்குகிறது. அறிகுறிகள் தெரிய 12 முதல் 24 மணி நேரம் வரை ஆகலாம் என்பதால், ‘குழந்தை நன்றாகத்தானே இருக்கிறது’ என்று காத்திருப்பதுதான் மிகப் பெரிய ஆபத்து. தவறி விழுங்கினாலோ, உடல் முழுவதும் நனைந்தாலோ உடனே 999 அழையுங்கள். தேசிய நச்சு மையம் நம் பினாங்கிலேயே, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில்தான் இருக்கிறது; அவர்களிடமும் ஆலோசனை கேட்கலாம்.

மெல்லிய நைட்ரில் கையுறையை மெத்தனால் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். பியூட்டைல் ரப்பர் கையுறை வாங்குங்கள். கரி வடிகட்டி வைத்த முகக்கவசத்தையும் நம்ப வேண்டாம், மெத்தனால் ஆவி அதை விரைவில் கடந்துவிடும். திறந்த வெளியும் காற்றோட்டமும்தான் உண்மையான காப்பு. குடிநீர், குளிர்பானப் போத்தல்களில் எந்தத் திரவத்தையும் ஊற்றி வைக்காதீர்கள். தோங்குகளைப் பூட்டிய இடத்தில் வைத்து, என்ன இருக்கிறது என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்.

கேட்டவர்

அனைவருக்கும் மிக்க நன்றி. வடிக்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன். தோங்குகளைக் கொட்டகையிலிருந்து எடுத்து, பூட்டுள்ள கம்பிக் கூண்டுக்குள், கூரையின் நிழலில் வைத்திருக்கிறேன். இன்னும் ஒரு சந்தேகம்: இந்தக் கிளிசரினைத் தோட்டத்துக் குப்பையோடு சேர்த்து எரித்துவிடலாமா? சோப்பாக்கிக் கொள்ளலாமா?

மறுமொழி 1 (பிறை)

எரிக்கக் கூடாது, தம்பி. குறைந்த வெப்பத்தில் எரியும் கிளிசரினிலிருந்து அக்ரோலின் என்ற கடும் நச்சுவாயு வரும். கண்ணையும் நுரையீரலையும் புண்ணாக்கும். சோப்பாக்குவதற்கும் முதலில் மெத்தனாலை முழுவதும் அகற்றியாக வேண்டும், அந்த வேலையைத்தான் நாம் வேண்டாம் என்றோம்.

அட்டவணைக் கழிவுகளை (சட்டம் பட்டியலிட்டுள்ள ஆபத்தான கழிவுகளை) கையாள உரிமம் பெற்ற நிறுவனம் ஒன்றிடம் தோங்குகளை ஒப்படைப்பதே முறையான வழி. முதல் கழுவல் நீரிலும் மெத்தனாலும் காரமும் இருப்பதால், அதையும் தனித் தோங்கில் பிடித்து அவர்களிடமே கொடுங்கள். எந்தப் பிரிவில் அடங்கும் என்பதைச் சுற்றுச்சூழல் துறையின் மாநில அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். 2007-ஆம் ஆண்டின் உயிரெரிபொருள் தொழில் சட்டம், இத்துறையின் செயல்களை உரிமத்தின் கீழ் கொண்டுவந்திருக்கிறது. தொடர்ந்து செய்ய நினைத்தால் அதையும் இப்போதே விசாரித்துவிடுங்கள். அந்தச் செலவையெல்லாம் கூட்டிப் பார்த்த பின், மைத்துனரின் எண்ணெயைப் பயன்படுத்திய எண்ணெய் வாங்குபவர்களிடம் விற்று, அந்தப் பணத்தில் டீசல் போடுவது இலாபமாகத் தெரிந்தால், தயங்காமல் அதையே செய்யுங்கள்.