சுவிட்சர்லாந்தில் ஒரு வாரம்: வழியில் சந்தித்தவர்கள்

வயதான பெற்றோரையும் பிள்ளைகளையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு சுவிட்சர்லாந்து போகலாமா என்று தயங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன். தாராளமாகப் போகலாம். நாங்கள் கோவையிலிருந்து குடும்பத்தோடு ஜூன் மாதத்தில் போய்வந்தோம். ஊர் ஊராகப் பெட்டி தூக்காமல் இன்டர்லாக்கனில் சமையலறையோடு ஒரு வீடு எடுத்து, தினமும் அங்கிருந்தே கிளம்பித் திரும்பினோம். பெரியவர்கள் கூட வந்தால் இதுதான் சரியான வழி. தயிரும் பாலும் அரிசியும் கூப், மிக்ரோஸ் கடைகளிலேயே கிடைத்துவிடும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சுவிஸ் டிராவல் பாஸ் எடுத்தால் ரயில், பஸ், படகு எல்லாவற்றுக்கும் அதுவே போதும். 6 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஃபேமிலி கார்டு கேட்டு வாங்குங்கள், பெற்றோருடன் இலவசமாகவே வரலாம். யுங்ஃப்ராயோக் என்ற உயரமான மலையிடத்துக்குப் போகும் ரயில் போலச் சில மலை ரயில்கள் மட்டும் இதில் முழுதாக அடங்காது. யுங்ஃப்ராயோக் போகும்போது கிரிண்டல்வால்ட் ஊர் வரை பாஸ் செல்லும், அதற்கு மேலே தள்ளுபடி விலையில் தனி டிக்கெட்.

லௌட்டர்புருன்னன் பள்ளத்தாக்குக்குப் போன அன்று ரயிலில் எதிரே கைத்தடிகளோடு ஒரு வயதான அம்மா உட்கார்ந்திருந்தார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். சொன்னதும் எழுந்து, பெட்டியில் இருந்த பலகையை அப்பாவுக்குக் காட்டினார். அந்த ரயில் ஸ்வைலூட்ஷினன் நிலையத்தில் இரண்டாகப் பிரியும், ஒரு பாதி லௌட்டர்புருன்னனுக்கும் மறு பாதி கிரிண்டல்வால்டுக்கும் போகும் என்று விளக்கி, நாங்கள் சரியான பாதியில்தான் இருக்கிறோம் என்று உறுதி செய்த பிறகே உட்கார்ந்தார். சுவிஸ்காரர்கள் ஒதுங்கியே இருப்பார்கள் என்று நிறையப் பேர் சொல்லிக் கேட்டிருந்தேன். எங்களுக்கு அப்படித் தோன்றவே இல்லை.

அந்தப் பள்ளத்தாக்கில் ட்ரூம்மல்பாக் அருவியை விட்டுவிடாதீர்கள். ஐகர், மோன்ஷ், யுங்ஃப்ராவ் மூன்று மலைகளின் பனியாற்று நீரும் பாறைக்குள்ளேயே குடைந்துகொண்டு இறங்குகிறது. நொடிக்கு 20,000 லிட்டர் வரை பாயுமாம். சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. மலைக்குள்ளேயே லிஃப்ட் உண்டு என்றாலும் படிகள் ஈரமாக இருக்கும், முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ள வேண்டும்.

யுங்ஃப்ராயோக் 3,454 மீட்டர் உயரம். 1912இல் திறந்த ரயில் பாதை இது, ஐகர் மலையைக் குடைந்துகொண்டு போகிறது. மேலே காற்றில் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தைப் போல ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். நடந்த கொஞ்ச தூரத்திலேயே அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. அங்கே வேலை செய்யும் ஓர் இளைஞர் எங்களைப் பார்த்துவிட்டு நாற்காலி இழுத்துப் போட்டு, மெதுவாக மூச்சு விடச் சொல்லி, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அம்மா தேறி எழும்வரை அடிக்கடி வந்து பார்த்துக்கொண்டார். அப்புறம்தான் எல்லோருமாக அலெட்ஷ் பனியாற்றைப் பார்க்கப் போனோம். ஆல்ப்ஸிலேயே பெரிய பனியாறு அது, ஆனால் வருடா வருடம் சுருங்கி வருகிறது. பிள்ளைகளுக்கு அதைக் காட்டிவிட்டோம் என்பதில் எனக்கு மகிழ்ச்சியும் கவலையும் சேர்ந்தே வருகிறது.

இன்டர்லாக்கனில் ஒரு மாலை சாப்பிடப் போன உணவகத்தில், நாங்கள் பேசுவதைக் கேட்டுச் சமையலறையிலிருந்தே ஒருவர் வெளியே வந்தார். "எங்கயிருந்து வாறியள்?" என்றார். யாழ்ப்பாணத்துக்காரர். 83 கலவரத்துக்குப் பிறகு வந்து, பாத்திரம் கழுவும் வேலையில் தொடங்கி, இப்போது அங்கே தலைமைச் சமையல்காரர். மெனுவில் இல்லாத ரசமும் சோறும் அம்மாவுக்காகத் தனியாகச் செய்து கொண்டுவந்தார். காசு கொடுக்கப் போனதற்குக் கோபித்துக்கொண்டார். தன் அம்மாவைக் கடைசியாகப் பார்க்க ஊருக்குப் போக முடியவில்லை என்று அப்பாவிடம் சொன்னார். அதைக் கேட்டு என்ன சொல்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை. அம்மாதான் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

பெர்னுக்குப் போகிறோம் என்றதும் அவர் ஞானலிங்கேச்சுரத்துக்குக் கட்டாயம் போகச் சொன்னார். பெர்னில் ஐரோப்பாபிளாட்ஸ் என்ற சதுக்கத்தில் 2014இல் திறந்த சமயங்களின் இல்லத்துக்குள் இருக்கிறது அந்தச் சிவன் கோயில். அதே கட்டடத்தில் பள்ளிவாசல், தேவாலயம், புத்த விகாரை எல்லாம் இருக்கின்றன. வழிபாடு முழுக்கத் தமிழில் நடக்கிறது. அங்கே பிறந்த பிள்ளைகள் ஆளுக்கொரு தேவாரம் பாட, பத்து வயதிருக்கும் ஒரு பெண் எங்கள் மகளைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். அப்பா பாட்டோடு சேர்ந்துகொண்டார். பெர்னின் கடிகாரக் கோபுரத்தையும் நதி வளைவையும் அவசரமாகத்தான் பார்த்தோம், அதில் எனக்கு வருத்தமே இல்லை.

சுவிஸ் போகிறவர்கள் பெர்னுக்கு அரை நாளாவது ஒதுக்குங்கள். பூசை நேரத்தை முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போனால் நல்லது. தண்ணீர் பாட்டில் வாங்க வேண்டாம், நகரத்து நீரூற்றுகளிலேயே நிரப்பிக்கொள்ளலாம்.