எங்கள் தெரு ஒன்பது மீட்டரா? "கருத்துக் கேட்டால் ஒரு செங்கல்லும் நகராது" என்றவருக்கு

தெருமுனை_திலகம்:
போன வாரம் மழைநீர் வடிகால் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அடுக்குமாடி_ஆறுமுகம் போகிற போக்கில் இப்படி எழுதினார்: "தெருவில் குடியிருப்பவர்களைக் கூட்டிவைத்துக் கருத்துக் கேட்டால் ஒரு செங்கல்லும் நகராது." மூன்று நாளாக இது எனக்குத் தொண்டையில் நிற்கிறது.

ஆறுமுகம் சார், உங்கள் பன்னிரண்டு வீட்டுக் கட்டடத்தை இடித்து இருபத்திரண்டு வீடாகக் கட்டப்போகிறீர்கள். சந்தோஷம். தண்ணீர் லாரி எங்கள் வாசலில்தான் நிற்கும். சாக்கடை பொங்கினால் முதலில் எங்கள் வீட்டுக்குள்தான் வரும். எங்களிடம் ஒரு வார்த்தை? பில்டரின் பேனர் கேட்டில் தொங்கிய பிறகுதான் விஷயமே தெரிந்தது. சென்னை மேற்கு மாம்பலம் முழுக்க இதே கதைதான். எண்பதுகளில் கட்டிய மூன்று மாடிகள் ஒவ்வொன்றாக விழுகின்றன, அந்த இடத்தில் கீழே தூண்கள் மட்டும் நிற்கும் ஸ்டில்ட் பார்க்கிங்கும் ஐந்து மாடியும் எழும்புகின்றன. தெரு மட்டும் அதே தெரு.

அடுக்குமாடி_ஆறுமுகம்:
திலகம் மேடம், நான் எழுதியதில் பாதியை வெட்டிப் போட்டிருக்கிறீர்கள். பரவாயில்லை, அந்தப் பாதியையும் நான் வாபஸ் வாங்கப் போவதில்லை.

எங்கள் கட்டடம் 1984ல் கட்டியது. கூரையில் கம்பி வெளியே தெரிகிறது. லிஃப்ட் கிடையாது. மூன்றாம் மாடி மாமி முழங்கால் வலியால் தெருவைப் பார்த்து எட்டு மாதம் ஆகிறது. முன்பெல்லாம் ஒருவர் முரண்டு பிடித்தாலும் எல்லோரும் உட்கார வேண்டியதுதான். 2022ஆம் வருஷத்து அடுக்குமாடி உரிமைச் சட்டம் வந்த பிறகு மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும். பன்னிரண்டில் எட்டுப் பேர் கையெழுத்துப் போட்டாயிற்று. இது மக்கள் பங்கேற்பு இல்லையா? என் வீட்டுக் குழம்பில் உப்புப் பார்க்கப் பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட வேண்டுமா?

தெரு ஒன்பது மீட்டர். 2019 கட்டட விதிகளின்படி எஃப்.எஸ்.ஐ., அதாவது மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்கிற கணக்கு, 2. பணம் கட்டிப் பிரீமியம் வாங்கினால் அதன்மேல் 30 சதவீதம். எல்லாம் சட்டப்படி.

ஓய்வுபெற்ற_ஓவர்சீயர்:
தெரு ஒன்பது மீட்டர் இல்லை. காம்பவுண்டிலிருந்து காம்பவுண்டுக்கு 29 அடி 4 அங்குலம். நானே அளந்தேன். மெட்ரிக்கில் 8.94. ஆறு சென்டிமீட்டர் குறைகிறது. பிரீமியம் எஃப்.எஸ்.ஐ.க்குக் குறைந்தபட்ச அகலம் 9 மீட்டர். கதை முடிந்தது.

நகரம்_படிக்கும்_நவீன்:
நான் நகரத் திட்டமிடல் படிக்கிற மாணவன். தெரு அகலம் இருக்கட்டும். "பங்கேற்பு" என்று இங்கே ஆளுக்கொரு பொருளில் எழுதுகிறீர்கள். தகவல் சொல்வதா, கருத்துக் கேட்பதா, ஓட்டுப் போடுவதா? மூன்றும் வேறு வேறு. உரிமையாளரிடம் மட்டும் கேட்பதா, தெருவில் வசிக்கும் எல்லோரிடமுமா? முதலில் இதைப் பேசி முடித்தால் நல்லது.

ஓய்வுபெற்ற_ஓவர்சீயர்:
தம்பி, முதலில் டேப் பிடிக்கப் படியுங்கள். அகலம் தெரியாமல் என்ன திட்டமிடல்? 8.94.

அடுக்குமாடி_ஆறுமுகம்:
ஓவர்சீயர் சார், டவுன் சர்வே வரைபடத்தில் இந்தத் தெரு 30 அடி. அதாவது 9.14 மீட்டர். அரசாங்கப் பதிவேடு பெரிதா, உங்கள் துணி டேப் பெரிதா?

ஓய்வுபெற்ற_ஓவர்சீயர்:
துணி டேப் இல்லை, எஃகு டேப். 34 வருஷம் அளவெடுத்தவன் நான். பதிவேட்டில் ஆயிரம் இருக்கும். லேக் வியூ சாலையில் நின்றால் ஏரி தெரியும் என்றுகூடத்தான் பெயர் சொல்கிறது. போய்ப் பாருங்கள், தெரிகிறதா?

தெருமுனை_திலகம்:
அதானே.

நகரம்_படிக்கும்_நவீன்:
அந்த ஏரியே இந்த விவாதத்துக்குப் பொருத்தமான உதாரணம்தான். 1920களில் மாம்பலத்தின் நீண்ட ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகரை உருவாக்கினார்கள். அதை நம்பி விவசாயம் செய்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்று...

அடுக்குமாடி_ஆறுமுகம்:
தம்பி, நூறு வருஷத்துக்கு முந்தைய ஏரிக்காக மாமி இன்னும் எத்தனை நாள் மூன்றாம் மாடியிலேயே இருக்க வேண்டும்?

சிங்கப்பூரைப் பாருங்கள். பத்து வருஷம் தாண்டிய கட்டடமென்றால் 80 சதவீத உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் மொத்தமாக விற்று இடிக்கலாம். எதிர்வீட்டுக்காரரை யாரும் கேட்பதில்லை. ஊர் முன்னேறவில்லையா?

தெருமுனை_திலகம்:
80 சதவீதம் என்று நீங்களே சொல்கிறீர்கள். உங்கள் எட்டுப் பேர் பன்னிரண்டில் எத்தனை சதவீதம்? 67கூட முழுசாக வரவில்லை. அந்த எட்டில் ஒருவர் அமெரிக்காவில் இருக்கிறார், வாட்ஸ்அப்பில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார் என்று உங்கள் கட்டடத்துக்காரரே காய்கறிக் கடையில் சொன்னார்.

அடுக்குமாடி_ஆறுமுகம்:
காய்கறிக் கடையில் பேசுவதெல்லாம் சாட்சியா? அவர் பவர் பத்திரம் அனுப்பியிருக்கிறார். சொன்னவர் யாரென்றும் எனக்குத் தெரியும். அசோசியேஷன் கணக்கில் மூன்று வருஷம் பராமரிப்புப் பாக்கி வைத்திருப்பவர்தானே?

வாடகைக்கு_இருப்பவள்:
நவீன் கேட்டதற்கு யாராவது பதில் சொல்வீர்களா? ஆறுமுகம் சார் சொல்லும் அதே கட்டடத்தில் ஆறு வருஷமாக வாடகைக்கு இருக்கிறேன். பன்னிரண்டு வீட்டில் ஐந்தில் வாடகைக்காரர்கள். கூட்டத்துக்கு எங்களை யாரும் அழைக்கவில்லை. உரிமையாளர்களுக்குக் கட்டி முடியும்வரை பில்டர் மாதாமாதம் வாடகை தருவாராம். எங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளை நடுவருஷத்தில் எங்கே தூக்கிக்கொண்டு போவது? அட்வான்ஸ் எப்போது திரும்பும்?

ஓய்வுபெற்ற_ஓவர்சீயர்:
அம்மா, பயப்படாதீர்கள். தெரு 8.94. கட்டடமே வராது.

வாடகைக்கு_இருப்பவள்:
சார், பிரீமியம் கிடைக்காவிட்டாலும் 2 கிடைக்கும் இல்லையா? பழைய 1.5ஐ விட அதுவே அதிகம். இடிப்பதை உங்கள் ஆறு சென்டிமீட்டர் எப்படித் தடுக்கும்?

ஓய்வுபெற்ற_ஓவர்சீயர்:
பிரீமியம் இல்லாவிட்டால் பில்டருக்குக் கட்டுப்படியாகாது. விட்டுவிட்டு ஓடுவார். நான் எத்தனை பார்த்திருக்கிறேன். அளவுதான் எல்லாம்.

அடுக்குமாடி_ஆறுமுகம்:
குறைகிறதென்றே வைத்துக்கொள்வோம். எங்கள் மனையின் முன்பக்கத்தில் ஒரு அடியைத் தெருவுக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடுகிறோம். இப்போது ஒன்பதுக்கு மேல் ஆயிற்றா?

ஓய்வுபெற்ற_ஓவர்சீயர்:
உங்கள் வாசலில் மட்டும் ஒரு அடி அகலமானால் அதற்குப் பெயர் தெரு இல்லை, தொப்பை.

தெருமுனை_திலகம்:
😂😂 தொப்பை!

அடுக்குமாடி_ஆறுமுகம்:
சிரியுங்கள் மேடம். உங்கள் வீட்டு கார் ராம்ப் தெருவில் இரண்டு அடி நீட்டிக்கொண்டிருக்கிறதே, அதற்கு என்ன பெயர்? முதலில் அதற்கு எந்தச் சபையில் அனுமதி வாங்கினீர்கள் என்று சொல்லுங்கள். தண்ணீர் லாரி வாசலில் நிற்கும் என்று அழுகிறவர்தான் தெருவில் பாதியை வளைத்துப் போட்டிருக்கிறார்.

தெருமுனை_திலகம்:
தண்ணீர் உள்ளே வராமல் இருக்கத்தான் ராம்ப். ரோடு போடும்போதெல்லாம் பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு என் வாசற்படி இப்போது தெருவுக்குக் கீழே இருக்கிறது. 2015 டிசம்பரில் என் கூடத்தில் முழங்கால் தண்ணீர். அப்போது உங்கள் கட்டடத்து மோட்டாரைக் கேட்டு வந்தேன், ஞாபகம் இருக்கிறதா? "அசோசியேஷனைக் கூட்டி முடிவெடுக்க வேண்டும்" என்றீர்கள். அன்றைக்கு மட்டும் கருத்துக் கேட்பு வேண்டியிருந்தது!

அடுக்குமாடி_ஆறுமுகம்:
மோட்டாரே தண்ணீருக்குள் இருந்தது மேடம். பத்து வருஷமாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.

நகரம்_படிக்கும்_நவீன்:
கொஞ்சம் விஷயத்துக்கு வரலாமா? வார்டு கமிட்டி வேண்டும் என்று 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் சொன்னது 1992ல். இங்கே வார்டுக்குள் அந்தந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசும் ஏரியா சபை கூட ஆரம்பித்தது 2022 நவம்பர் 1ஆம் தேதி. முப்பது வருஷ இடைவெளி. அந்தச் சபையிலும் தெருவிளக்கு, குப்பை, வடிகால் பற்றிப் பேசலாமே தவிர, எந்த மனையில் எத்தனை மாடி என்கிற கேள்வி அங்கே வருவதில்லை. அது வேறு அலுவலகத்தில், வேறு கோப்பில் முடிந்துவிடுகிறது. சென்னைப் பெருநகரம் எப்படி வளரலாம் என்று சொல்லும் இரண்டாம் முழுமைத் திட்டம் 2008ல் வந்தது, 2026 வரைக்குமானது. அடுத்தது 2046 வரைக்கும். தெருவில் எவ்வளவு நெருக்கமாகக் கட்டலாம் என்று தீர்மானமாவது அங்கேதான். ஒரு கட்டடம் பேனர் கட்டிய பிறகு சண்டை போடுவதைவிட அங்கே போய் எழுதிக் கொடுப்பது...

ஓய்வுபெற்ற_ஓவர்சீயர்:
ஏரியா சபைக்குப் போயிருந்தேன். "இந்தத் தெருவின் அகலம் என்ன?" என்று கேட்டேன். பதில் சொல்ல ஆளில்லை. டீயும் சமோசாவும் வந்தன. மறுபடியும் கேட்டேன். "குறித்துக்கொண்டோம் சார்" என்றார்கள். இன்றைக்கு வரை பதில் வரவில்லை. அதனால்தான் நானே அளந்தேன். 8.94.

அடுக்குமாடி_ஆறுமுகம்:
அன்றைக்கு நானும் இருந்தேன். நாற்பது நிமிஷம் மைக்கைப் பிடித்துக்கொண்டு இவர் ஒருவரே பேசினார். பின்வரிசையில் கொசுத்தொல்லை பற்றிச் சொல்ல வந்த இரண்டு பெண்கள் பாதியிலேயே எழுந்து போய்விட்டார்கள். கருத்துக் கேட்டால் ஒரு செங்கல்லும் நகராது என்று நான் சொன்னது இதைத்தான்!

ஓய்வுபெற்ற_ஓவர்சீயர்:
முப்பது நிமிஷம். நாற்பது இல்லை.

பெரும்பாக்கம்_ஏழாம்_மாடி:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். ஆறு சென்டிமீட்டருக்கு இத்தனை பேச்சு! நாங்கள் ஆற்றங்கரையில் மூன்று தலைமுறையாக இருந்தவர்கள். ஒரு நாள் காலையில் லாரி வந்தது. சாமானை ஏற்றினார்கள். சாயங்காலம் ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் ஏழாம் மாடியில் இருந்தோம். மூன்றில் இரண்டு பங்கு என்று யாரும் எண்ணவில்லை. என் அம்மா நான்கு வீடுகளில் வேலை பார்த்தவர், அதில் இரண்டு மாம்பலத்தில்தான். பஸ்ஸில் வந்துபோகவே நாள் போய்விடும் என்று விட்டுவிட்டார். 'பங்கேற்பு' என்று நீங்கள் பேசுவதைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது.

தெருமுனை_திலகம்:
படிக்கவே கஷ்டமாக இருக்கிறது அம்மா. ஆனால் அது ஆற்றங்கரை நிலம், இது பட்டா நிலம். இரண்டும் வேறு.

பெரும்பாக்கம்_ஏழாம்_மாடி:
ஆமாம், வேறுதான். பட்டா இருந்தால் கேட்க வேண்டும் என்கிறீர்கள். இல்லாவிட்டால் லாரி அனுப்பலாம்.

ஓய்வுபெற்ற_ஓவர்சீயர்:
அங்கே சாலைகள் நல்ல அகலம். ஒருமுறை வந்து பார்த்திருக்கிறேன்.

பெரும்பாக்கம்_ஏழாம்_மாடி:
நன்றி சார். அடுத்த தடவை வந்தால் லிஃப்ட் ஓடுகிறதா என்று பாருங்கள். அதற்கு டேப் வேண்டாம்.

அடுக்குமாடி_ஆறுமுகம்:
சரி, நான் இதுவரை சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்கிறேன். ஓவர்சீயர் சார் எங்கள் எதிர்வீட்டுக்காரர். 2015 வெள்ளத்தில் அவருடைய காம்பவுண்டுச் சுவர் விழுந்தது. அது நாலரை அங்குலச் சுவர். அதே இடத்தில் ஒன்பது அங்குலச் சுவர் எழுப்பினார். அந்தக் கூடுதல் நாலரை அங்குலம் எந்தப் பக்கம் வந்தது சார்? நீங்கள் சொல்லும் குறைவே இரண்டு அங்குலத்துக்குச் சற்று மேல்தான். கணக்குச் சரியாகப் பொருந்துகிறதே!

தெருமுனை_திலகம்:
ஐயோ. சார், அப்படியா?

ஓய்வுபெற்ற_ஓவர்சீயர்:
அபாண்டம். சுவர் உள்பக்கமாகத்தான் தடித்தது. என் செம்பருத்திச் செடியையே வெட்டிவிட்டுத்தான் கட்டினேன். கொத்தனார் இன்னும் உயிரோடு இருக்கிறார், கேட்டுப் பாருங்கள். அளவெடுத்தே வாழ்ந்தவனைப் பார்த்து அளவு திருடினான் என்கிறீர்கள்.

அடுக்குமாடி_ஆறுமுகம்:
கொத்தனாரும் உங்கள் ஆள், டேப்பும் உங்கள் டேப். அன்றைக்கு மறுமுனையைப் பிடித்தது யார்?

ஓய்வுபெற்ற_ஓவர்சீயர்:
பால் போடுகிற பையன்.

அடுக்குமாடி_ஆறுமுகம்:
பிரமாதம். இருபத்திரண்டு குடும்பங்களின் தலையெழுத்து பால் போடுகிற பையன் கையில்.

நெறியாளர்:
தனிப்பட்ட சுவர், ராம்ப், பராமரிப்புப் பாக்கி பற்றிய பதிவுகளைத் தவிர்க்கவும். தலைப்பு: மறுகட்டுமானத்தில் குடியிருப்போர் பங்கு.

வாடகைக்கு_இருப்பவள்:
தலைப்பு அதுதான் என்றால் என் கேள்வியை மறுபடியும் கேட்கிறேன். எப்போது காலி செய்யச் சொல்வார்கள் என்று ஆறுமுகம் சாராவது சொல்லலாம். ஜூனா, டிசம்பரா? அதைப் பொறுத்துத்தான் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டும்.

அடுக்குமாடி_ஆறுமுகம்:
உங்கள் வீட்டு ஓனரைக் கேளுங்கள் அம்மா. நான் சொல்வது முறையாகாது.

நகரம்_படிக்கும்_நவீன்:
ஓனர் யாரென்று பார்த்தால் அந்த அமெரிக்கக்காரராக இருப்பார்.

வாடகைக்கு_இருப்பவள்:
அவரேதான்.

ஓய்வுபெற்ற_ஓவர்சீயர்:
சுவர் விஷயத்தில் எனக்குப் பதில் சொல்லாமல் யாரும் போகக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு எஃகு டேப்போடு தெருவில் நிற்பேன். மூன்று இடங்களில் அளப்போம், சராசரி எடுப்போம். ஆறுமுகம் தாராளமாக மறுமுனையைப் பிடிக்கலாம்.

அடுக்குமாடி_ஆறுமுகம்:
முதலில் சுவரை இடியுங்கள் சார். அப்புறம் வருகிறேன்.

ஓய்வுபெற்ற_ஓவர்சீயர்:
என் சுவரை இடிக்க என்னிடம்தான் சம்மதம் கேட்க வேண்டும். 8.94.